புல் முளைத்த ஆண்டு

முதலில் தெரிந்தது புல்தான்.
நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து
வழுக்கையாய்க் கிடந்த மைதானத்தில்,
கோல் போஸ்ட் இரண்டுக்கும் நடுவே,
ஜூலை மழைக்குப் பிறகு
பச்சையாய் ஏதோ.
அழகு என்று நினைத்தேன்.
போட்டோகூட எடுத்தேன்.

ஆகஸ்டில் காட்டெருமை வந்தது.
மூன்றாம் பாடவேளை, ஏழாம் வாய்ப்பாடு.
கெபிக்குப் பக்கத்துச் சரிவில் இறங்கி
மாதாவுக்கு முதுகைக் காட்டி நின்று
சாவகாசமாய் மேய்ந்தது.
பிள்ளைகள் ஜன்னலில் ஏறிக் கத்தினார்கள்.
பதினேழு பேர் கத்தினால்
அதற்குக் காதுகூட அசைவதில்லை.
நூற்றைம்பது பேர் கத்திய காலத்தில்
தேயிலைக்கு அந்தப் பக்கமே நிற்கும்.

எங்களுக்கு முன்னால்
சவரியம்மாவின் உலைக்குத் தெரிந்திருந்தது.
பெரிய அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு
அதன்மேல் உட்கார்ந்துதான்
இப்போது வெங்காயம் அரிகிறாள்.

ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டு அறை.
மிச்சத்தில் ஒன்று பங்கின் நாற்காலிகளுக்கு,
ஒன்று திருவிழாச் சப்பரத்துக்கு.
கடைசி அறையில் பல்பு போய்விட்டது,
உள்ளே என்ன இருக்கிறதென்று
யாரும் பார்க்கவில்லை.

சிஸ்டர் ரெஜினாள் மாற்றலாகிப் போனார்.
அவருக்குப் பதிலாக
மறைமாவட்டத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது.
'தற்போதைக்கு' என்ற சொல்
அதில் நான்கு இடத்தில்.
போன வருடம் வரை பூசையில்
பள்ளிக்காக நன்றி சொல்வோம் என்ற சாமியார்
இப்போது
பள்ளிக்காக மன்றாடுவோம் என்கிறார்.

பணிநிரவல் பட்டியலில்
என் பெயருக்கு நேரே 'உபரி'.
பதினான்கு வருடம் கழித்து
எனக்கொரு பட்டம்.

அப்புறம் அனிமா வந்தாள்.
அனிமா திர்க்கி.
ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்களின் மகள்.
தமிழ் ஒரு சொல் தெரியாது.
காலை ஜெபத்துக்கு
எங்களுக்கு முந்திச் சிலுவை போட்டாள்.
"பதினெட்டு!" என்று கை தட்டினார்
பொறுப்பு ஹெச்.எம். பெஞ்சமின் சார்.
கம்ப்யூட்டர் ஆதார் கேட்டது.
எண் இல்லாத பிள்ளை ஏறாது என்றது.
ஆகவே அவள் இருக்கிறாள், சாப்பிடுகிறாள்,
பென்சிலுக்காக டிலக்சனைக் கடித்து வைக்கிறாள்,
கணக்கில் மட்டும் இல்லை.
முட்டை பதினேழுதான் வருகிறது.
பதினெட்டாவது எங்கிருந்து என்று
சவரியம்மாவை நான் கேட்டதில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்.

காலை ஏழே முக்காலுக்கு
டீ ஃபேக்டரி முக்கில் மஞ்சள் வேன் நிற்கும்.
கோத்தகிரிக்கு, இங்கிலீஷ் மீடியத்துக்கு.
எங்கள் பங்கிலிருந்தே ஒன்பது பிள்ளைகள்,
டை கட்டி, ஷூ போட்டு.
மே மாதம் முழுக்கப் படியேறிப் படியேறி
எட்டு வீட்டுக்குப் போனேன்,
"நம்ம ஸ்கூல், நாமளே விட்டா எப்படி" என்று.
டீ கொடுத்தார்கள். வர்க்கி கொடுத்தார்கள்.
கதவு வரை வந்த எஸ்தாக்கியின் மனைவி மட்டும்
மெல்லக் கேட்டாள்:
"ஒன்பதாவது வீட்டுக்குப் போனீங்களா டீச்சர்?"

ஒன்பதாவது பிள்ளைக்கு
நான்தான் டை முடிச்சுப் போடுகிறேன்.
வேன் வளைவில் மறையும்வரை கையசைத்துவிட்டு
அதே பாதையில் கீழிறங்கிப்
பள்ளிப் பூட்டைத் திறக்கிறேன்.

இன்று காலை மைதானம் தெரியவில்லை,
அவ்வளவு பனி.
ஆவி பறக்கும் சாணத்தை மிதிக்கப் பார்த்தேன்.
கோல் போஸ்ட் இருக்க வேண்டிய இடத்தில்
பெரிய கறுப்பாய் ஒன்று.
கொஞ்சம் தள்ளிப் படிக்கட்டில்,
பையை மடியில் வைத்துக்கொண்டு,
சீக்கிரம் வந்துவிட்ட அனிமா.
அதனிடம் சாதாரணமாக,
எனக்கு விளங்காத மொழியில்,
எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேய்வதை நிறுத்தித்
தலையைத் தூக்கியது.
காது அசைந்தது.